மெடிக்கெய்ட் கிடைக்குமா, எந்த ஸ்டேட்ல இருக்கீங்க?

அமெரிக்கால வேலை போச்சுன்னா அது வழியா வந்த மருத்துவ இன்சூரன்ஸும் பொதுவா கூடவே போயிடும், அப்ப எல்லாரும் கேக்கற முதல் கேள்வி குறைஞ்ச வருமானம் இருக்கறவங்களுக்கு அரசாங்கம் தர்ற மருத்துவ இன்சூரன்ஸான மெடிக்கெய்ட் கிடைக்குமாங்கறதுதான். சம்பளத்த விட நீங்க இருக்கற ஸ்டேட்தான் இதுல பெரிய விஷயம். 2014ல இருந்து மெடிக்கெய்ட இன்னும் நிறைய பேருக்குக் கிடைக்கற மாதிரி விரிவாக்கம் பண்ணின ஸ்டேட்கள்ல வறுமைக்கோட்டு அளவுல 138 சதவீதம் வரைக்கும் வருமானம் இருந்தா பெரியவங்களுக்கும் உண்டு, 2025 கணக்குப்படி தனி ஆளுக்கு வருஷம் சுமார் 21,600 டாலர். ஆனா டெக்ஸாஸ்ல குழந்தை இல்லாத, உடல்நலக் குறைபாடு இல்லாத 40 வயசுக்காரருக்கு வருமானமே இல்லன்னாலும் கிடையாது! 2012ல சுப்ரீம் கோர்ட் விரிவாக்கத்த ஸ்டேட்களோட விருப்பத்துக்கு விட்டதால வந்த நிலைமை இது, எனக்கு இது பெரிய அநியாயமாத்தான் படுது.

கிரீன் கார்டு வாங்கி வந்திருக்கற அப்பா அம்மாவுக்கு பொதுவா அஞ்சு வருஷம் காத்திருக்கணும், குழந்தைங்களுக்கும் கர்ப்பமா இருக்கறவங்களுக்கும் நிறைய ஸ்டேட்ல அந்தக் காத்திருப்பு இல்ல. இன்னொண்ணு, பாக்கறது பெரும்பாலும் இப்போதைய மாச வருமானத்த, போன வருஷ டாக்ஸ் ரிட்டர்ன்ல நிறைய சம்பளம் இருக்கேன்னு தயங்காதீங்க, வருஷத்துல எப்ப வேணா அப்ளை பண்ணலாம்.