மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஜப்பானியம்: ஆசிரியப் பயிற்சிக் குறிப்புகள்

12 ஜூலை 2025

இன்று பயிற்சியில் ஜப்பானிய வினையின் 'தே' வடிவம். பயிற்றுநர் எல்லாவற்றையும் ஆங்கில இலக்கணம் வழியாகவே விளக்குகிறார். தமிழ் பேசி வளர்ந்தவர்களுக்கு அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது. 'தாபேதே மிமசு' என்றால் சாப்பிட்டுப் பார்க்கிறேன். நம் வினையெச்சம், அதன் பின்னே நம் 'பார்', அதே வரிசை. தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. வகுப்பு நடத்த உறவு தேவையில்லை, இந்த ஒப்புமை போதும்.

20 ஜூலை

தோட்டத்து மண்டபத்தில் மாதிரிப் பாடம். நான்காம் படிவப் பிள்ளைகள், எல்லாரும் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். "'க்கு' வர்ற இடத்துல 'நி' போடுங்க" என்றேன். 'ஈப்போ நி இகிமசு', ஈப்போவுக்குப் போகிறேன், என்று சொல்லிவிட்டார்கள். ஒருவரும் வினையை முன்னே தள்ளவில்லை.

"டீச்சர், வந்தான், வந்தாள், வந்தது, எல்லாத்துக்கும் 'கிமாஷ்தா'தானா? யாரு வந்ததுன்னு எப்படித் தெரியும்?"

அருமையான கேள்வி! பேச்சுச் சூழலில் இருந்துதான். ஆளை மாற்றி மாற்றி உரையாட வைத்தேன்.

குறில் நெடில் பழகிய காதுகள் வேறு: 'ஒபசன்' அத்தை, 'ஒபாசன்' பாட்டி, 'கிதே' வந்து, 'கித்தே' தபால்தலை. தடுமாற்றமே இல்லை.

2 ஆகஸ்ட்

பிள்ளைகள் தமிழ் எழுத்தில் குறிப்பெடுக்கிறார்கள். இதை அனுமதிக்கக்கூடாது. ஜப்பானியத்தில் சீமைப் பனிச்சைப் பழம் kaki, சாவி kagi; எழுத்தில் வேறுபாடு நடுவில் k-யா g-யா என்பதுதான். 'ககி' என்று எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். 'கக்கி' என்றால் ஒற்று மிகுந்துவிடும். விளக்கம் தமிழில், எழுத்து ஜப்பானிய எழுத்துமுறையான ஹிராகானாவில். 46 அடிப்படை எழுத்துகள்தாம்.

10 ஆகஸ்ட்

"அவனுங்க பாஷையையா படிச்சிக் குடுக்கிற?" பக்கத்து வீட்டுத் தாத்தா. அவருடைய அப்பாவை 1943இல் ஜப்பானியர்கள் தோட்டத்திலிருந்து சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. 415 கிலோமீட்டர் தண்டவாளம். நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் மடிந்த இடம். நான் எதிர்த்துப் பேசவில்லை. ஜப்பான்காரன் காலத்துப் பள்ளியில் படித்த 'இச்சி, நி, சான்' இன்னும் அவருக்கு மறக்கவில்லை.

பிள்ளைகளுக்கு சயாம் கதை தெரியுமா என்று கேட்டார். பலருக்குத் தெரியாது என்றேன்.

"அப்ப நானே வந்து சொல்றேன்மா."

பாடத் திட்டத்தில் எண்களுக்கு முன்னால் அவருக்கு அரை மணி நேரம் எழுதிவிட்டேன். ஞாயிறு காலை ஒன்பதுக்குக் கூட்டிப் போக வேண்டும்.