காத்தாடி பிளேனில் தூத்துக்குடிக்கு

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு விமான டிக்கெட் போடும்போது சிலர் தேடிப்பிடித்து முன்வரிசை வாங்குகிறார்கள். ஜெட் விமானமென்றால் சரி, சீக்கிரம் இறங்கலாம். ஆனால் இந்த வழியில் பறக்கும் ஏடிஆர் 72 என்ற காத்தாடி (புரொப்பெல்லர்) விமானத்தில் பயணிகள் ஏறி இறங்கும் கதவு வால் பக்கம் இருக்கிறது. முன்பக்கக் கதவு சாமான் ஏற்றுவதற்கு. ஆக, முன்வரிசைக்காரர்தான் கடைசியாக இறங்குவார். அது போதாதென்று, இரண்டு காத்தாடிகளும் அவர் காதுக்குப் பக்கத்திலேயே சுற்றும்.

இந்த முறை டிக்கெட் போட்டது அலுவலகம். எனக்குக் கிடைத்ததும் முன்பக்கம்தான், வலது வரிசையில் நடைபாதை ஓரம். ஜன்னல் ஓரத்தில் ஒரு ஆச்சி. மகன் வீட்டிலிருந்து ஊருக்குத் திரும்புகிறார், விமானம் இதுதான் முதல் தடவை. உட்கார்ந்ததிலிருந்து வெளியே தெரிந்த காத்தாடியையே பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இது ஓடவே இல்லியே, சத்தம் மட்டும் வருது. ரிப்பேரா?"

நல்ல கேள்வி. பெரிய ஜெட் விமானங்களின் வாலில் ஒரு குட்டி இன்ஜின் இருக்கும். தரையில் நிற்கும்போது மின்சாரமும் ஏசி காற்றும் அதிலிருந்து வரும். ஏடிஆரில் அந்தக் குட்டி இன்ஜின் கிடையாது. அதற்குப் பதில் வலது இன்ஜினை ஓடவிட்டு, காத்தாடியை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவிடுவார்கள். காத்தாடியைச் சுற்றும் தண்டு தனியாக இருப்பதால் இது முடிகிறது. விமானிகள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஹோட்டல் மோட்'. எனக்குத் தெரிந்த மட்டும் சொல்லி முடித்தேன்.

"அப்ப ஏசி மட்டும் ஏன் வர மாட்டேங்கு?" என்றார் ஆச்சி. மீனம்பாக்கம் வெயிலில் நின்ற விமானம், உள்ளே வந்தது பேருக்கு ஒரு காற்று. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கிளம்பும்போதுதான் முழுச் சத்தமும் தெரியும். காத்தாடிக்கு ஆறு பிளேடு, விட்டம் கிட்டத்தட்ட 4 மீட்டர். மேலேறும்போது நிமிடத்துக்கு 1,200 சுற்று. ஒவ்வொரு பிளேடும் விமானத்தின் பக்கச் சுவரைக் கடக்கும்போது காற்றழுத்தம் அந்தச் சுவரில் ஒரு அடி கொடுக்கிறது. கணக்குப் போட்டால் நொடிக்கு 120 தடவை. காதில் விழுவதோடு இது நிற்பதில்லை. கைப்பிடியிலும் ஜன்னல் சட்டத்திலும் முழங்காலிலும் தெரிகிறது.

ஓரளவு உயரம் போனதும் சத்தம் சட்டென்று கீழே இறங்கும். காந்தாரத்திலிருந்து ஷட்ஜத்துக்கு வருகிற மாதிரி இருக்கும். முதல் தடவை போகிறவர்கள் இந்த இடத்தில்தான் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறார்கள். ஆச்சி என் கையைப் பிடித்தார். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. விமானி காத்தாடியின் வேகத்தை 82 சதவீதத்துக்குக் குறைத்திருக்கிறார், அவ்வளவுதான். நொடிக்கு 120 தடவை விழுந்த அடி இப்போது 98 ஆகிவிட்டது. இறங்கத் தயாராகும் வரை இந்தச் சுருதியிலேயே ஓடும்.

சில பயணங்களில் இதற்கு மேல் இன்னொரு தொந்தரவு சேரும். இரண்டு காத்தாடிகளும் துளி வித்தியாசமான வேகத்தில் ஓடினால் ஒலி ஒரே சீராக இருக்காது, 'வூம்... வூம்...' என்று ஏறி ஏறி இறங்கும். இரண்டையும் ஒரே கதியில் வைத்திருக்கக் கருவி இருக்கிறது, அது ஒழுங்காக வேலை செய்தால் நமக்கு எதுவுமே தெரியாது. அன்றைக்கு ஒழுங்காகத்தான் வேலை செய்தது. என் கணக்கில் ஒரே சீரான பெரும் சத்தத்தைவிட இந்த ஏற்ற இறக்கம்தான் தலைவலியைக் கொண்டுவருகிறது.

செல்போனில் சத்தம் அளக்கிற செயலி வைத்துப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவை பெரும்பாலும் காட்டுவது 'டெசிபல் ஏ' என்ற அளவு. மனிதக் காது கனத்த, அதாவது சுருதி தாழ்ந்த ஒலிகளைக் குறைவாகக் கேட்கும் என்ற கணக்கில், 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 அதிர்வு) பக்கத்து ஒலியிலிருந்து இந்த அளவு சுமார் 19 டெசிபலைக் கழித்துவிடும். காத்தாடியின் முக்கிய ஒலி சரியாக அங்கேதான் இருக்கிறது. அதனால் திரையில் ஜெட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். உடம்பு இதையெல்லாம் கழித்துக்கொண்டிருப்பதில்லை.

காதில் எதை வைப்பது என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. பஞ்சும் நுரைச் செருகியும் கீச்சு ஒலிகளை நன்றாகத் தடுக்கும், அடிவயிற்று உறுமலை அந்த அளவுக்குத் தடுக்காது. பணிப்பெண் சொல்வது கேட்காமல் போகும், காத்தாடி கேட்டுக்கொண்டேதான் இருக்கும். சத்தத்துக்கு எதிர்ச் சத்தம் போட்டு அடக்குகிற நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் அப்படியில்லை. அது ஜெயிப்பதே இந்த மாதிரி சீரான, கனத்த ஒலியிடம்தான். ஆச்சி ரெண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தார். என் ஹெட்போனைக் கொஞ்ச நேரம் போட்டுப் பார்க்கச் சொன்னேன். மாட்டியதும் என்னைப் பார்த்து, விமானமே திரும்பிப் பார்க்கிற குரலில், "நிறுத்திட்டானா?" என்றார்.

இதே தந்திரத்தை ஒரு விமானம் முழுவதற்கும் செய்து பார்த்திருக்கிறார்கள். இந்த வழியில் முன்பு பறந்த பம்பார்டியர் கியூ400-இல் கேபினுக்குள் மைக்குகளும், சட்டங்களில் எதிரதிர்வு உண்டாக்கும் கருவிகளும் உண்டு. கியூ என்ற எழுத்தே 'குவைட்' என்று பெருமை பேச வைத்ததுதான். அதிலும் காத்தாடிக்கு நேர் வரிசையில் உட்கார்ந்து போயிருக்கிறேன். குவைட் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இத்தனை வருடம் இந்த ஊருக்குக் காத்தாடி விமானமே வந்ததற்குக் காரணம் ஓடுபாதை. தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் இருந்தது 1,350 மீட்டர். ஏர்பஸ், போயிங்குக்கு அது பற்றாது, ஏடிஆருக்குப் போதும். இப்போது ஓடுபாதையை 3,000 மீட்டருக்கு மேல் நீட்டியிருக்கிறார்கள், 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாயிற்று. இனி ஜெட் வந்தால் சத்தம் குறையும். ஆனால் பக்கத்துக்கு மூன்று இருக்கை வந்துவிடும். ஏடிஆரில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, நடுவில் மாட்டிக்கொள்கிற ஆளே கிடையாது. இறக்கை தலைக்கு மேல் இருப்பதால் கீழே முழு நிலமும் தெரியும். ஜெட் அளவு உயரமும் போவதில்லை, அதனால் கண்மாய்களைக்கூட ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வரலாம். அதே காரணத்தால் மேகத்துக்கு மேலே ஏறித் தப்பிக்கவும் வழியில்லை. மத்தியான வெயிலிலும் ஐப்பசி மழையிலும் நன்றாகத் தூக்கிப்போடும். முடிந்தவரை காலை விமானம் எடுங்கள்.

இறங்கும்போது காது அடைத்தது. ஆச்சி பையிலிருந்து கோவில்பட்டிக் கடலை மிட்டாயை எடுத்து எனக்கும் ஒன்று தந்தார். மென்று விழுங்க விழுங்க அடைப்பு விட்டது. சக்கரம் தரையைத் தொட்டதும் ஒரு பெரிய உறுமல். பிளேடுகளின் கோணத்தைத் திருப்பி, காற்றை முன்பக்கம் தள்ளி வேகத்தைக் குறைக்கிறார்கள். இந்தத் தடவை ஆச்சி என் கையைப் பிடிக்கவில்லை. "பிரேக்கா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

அப்புறம் பின்னாலிருந்த அத்தனை பேரும் இறங்கி முடியும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தோம்.