அஞ்சறைப் பெட்டிக்குள் ஜெர்மன்

ஜெர்மனியில் டோர்ட்மண்டுக்கு வந்த இரண்டாவது வாரம் ரசம் வைத்தேன். நுரை கட்டியதும் வீடெல்லாம் பேக்கரி வாசம். "ரசத்துல ரொட்டியைப் போட்டுட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இவர் அடுப்படிக்கு வந்தார். க்யூமெல் என்று எழுதியிருந்த பாக்கெட்டைச் சீரகம் என்று வாங்கிவிட்டேன். பார்க்க அப்படியே சீரகம்தான். ஆனால் அது இங்கே ரொட்டியில் போடும் கேரவே விதை. நம் சீரகத்துக்குப் பெயர் க்ராய்ட்ஸ்க்யூமெல். ரசத்தைக் கொட்டிவிட்டு மோர் ஊற்றிச் சாப்பிட்டோம். அன்று ராத்திரி எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் அந்தச் சொல் அதற்கப்புறம் மறக்கவே இல்லை. ஜெர்மன் வகுப்பில் படித்ததெல்லாம் மறுநாளே பாதி போய்விடும்போது, இது மட்டும் எப்படி நின்றது?

நான் படித்தது வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி. வரிசையாகச் சொன்னால் வரும். நடுவில் ஒன்றை உருவிக் கேட்டால் வராது. படித்தது முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் மறக்கிறது என்பதை எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்து 1885லேயே எழுதிவிட்டார். அதனால் மறக்கப்போகிற நேரம் பார்த்துத் திரும்பப் படிக்க வேண்டும். அதற்கு செபாஸ்டியான் லைட்னர் என்பவர் 1972ல் ஒரு வழி சொன்னார். அட்டையின் ஒரு பக்கம் ஜெர்மன், மறுபக்கம் நம் மொழி. ஐந்து அறை உள்ள பெட்டி. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தப்பாகச் சொன்னது முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும், பின்னால் போகப்போக இடைவெளி கூடும்.

ஐந்து அறை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா பிடிவாதமாகக் கொடுத்துவிட்ட மர அஞ்சறைப் பெட்டி அலமாரியில் சும்மாதான் இருந்தது. அட்டைகளை அந்த அறைகளுக்கு ஏற்ற அளவில் வெட்டிக்கொண்டேன். கடுகு இருந்த அறையில் புதுச் சொற்கள், வெந்தய அறையில் நன்றாகப் பதிந்தவை. எத்தனை துடைத்தாலும் பெருங்காய வாசம் போகவில்லை. அட்டையை எடுக்கும்போதே திருநெல்வேலி வீட்டு அடுப்படியும் கூடவே வரும். லோஃபெல் என்றால் கரண்டி என்று சொல்லி முடிப்பதற்குள், சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த எங்கள் வீட்டு இரும்புக் கரண்டி கண்ணில் நிற்கும். அப்புறம் அந்தச் சொல் எங்கே போகும்?

பால்தான் பெரும்பாடு. இங்கே கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டும் இல்லை. சிறுமியைக் குறிக்கும் மேட்ஷென் கூட அலிப்பால்தான், சின்னது என்று காட்டச் சேர்க்கும் ஷென் விகுதியில் முடிகிற சொல்லெல்லாம் அப்படியாம். எனக்கு அது இன்னும் மனதுக்கு ஒப்பவில்லை. பாலைக் காட்டச் சொல்லுக்கு முன்னால் வரும் டேர், டீ, டாஸ் மூன்றையும் சொல்லோடு சேர்த்தே, நீலம், சிவப்பு, பச்சை மையில் எழுதி வைக்கிறேன்.

ஒரு சொல்லின் சொந்தக்காரர்களையும் சேர்த்துப் படித்தால் இன்னும் நிற்கும். ஷ்வார்ட்ஸ் என்றால் கருப்பு. ஷ்வார்ட்ஸ்க்யூமெல் எது தெரியுமா? நம் கருஞ்சீரகமேதான்! அதைக் கண்டுபிடித்த அன்று, யாழ்ப்பாணத்து அண்ணர் நடத்தும் கடையில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "சின்னச்சீரகமோ பெருஞ்சீரகமோ வேணும் தங்கச்சி?" என்று கேட்டார். எங்கள் ஊர்ச் சோம்பு அவருக்குப் பெருஞ்சீரகம். அதற்கும் ஒரு அட்டை எழுதினேன்.

இப்போது பேக்கரியில், டாக்டரிடம், பிள்ளையின் பள்ளியில் தடுமாறாமல் பேசுகிறேன். இந்த ஊர் பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசும்போது, "அரிசி புடைப்பியே, அது... அது இருக்காம்மா இன்னும்?" என்று கேட்டேன். பெயர் வாயில் வரவே இல்லை.

"ஏட்டி, சுளகு" என்றாள் அம்மா.

போனை வைத்ததும் ஒரு அட்டை வெட்டி, சுளகு என்று எழுதினேன். கடுகு அறையில் முதலில் இருப்பது இப்போது அதுதான்.