ஏற்காடு, நவம்பர்

நவம்பர் 10, ஞாயிறு

அடிவாரம் தாண்டியதுமே வெயில் போய்விட்டது. 20 கொண்டை ஊசி வளைவுகளில் பதினைந்தாவதில் போன் சிக்னல் அறுந்தது. கிளம்பும்போது மில் களம் நிறைய ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்தது. தார்ப்பாயை எடுத்து வைக்கச் சொல்ல மறந்துவிட்டேன்.

நவம்பர் 11, திங்கள்

தொழில் நடத்துகிறவர்களுக்கான நிர்வாக வகுப்பு. 22 பேர். ஸ்பின்னிங் மில், ஆஸ்பத்திரி, லாரி பாடி கட்டுகிறவர், வெள்ளிக் கொலுசு ஏற்றுமதி செய்கிறவர். எல்லோரிலும் நான்தான் மூத்தவன்.

நிர்வாகப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர், ஒரு தொழிலின் போட்டியைத் தீர்மானிப்பவை என்று 1979-இல் எழுதிய ஐந்து சக்திகளில் ஆரம்பித்தார்கள். வாங்குகிறவர், சரக்குக் கொடுப்பவர், புதிதாக நுழைகிறவர், மாற்றுப் பொருள், இருப்பவர்களுக்குள் போட்டி. நடுவில் உங்கள் தொழிலை எழுதி, யாருக்கு எவ்வளவு பலம் என்று குறியுங்கள் என்றார் பேராசிரியர். 31 வருஷம் ஜவ்வரிசியிலேயே கிடக்கிறேன், அதை ஒரே தாளில் இப்படிப் பார்த்ததில்லை.

'கொடுப்பவர்' பெட்டியில் 'மரவள்ளிக் கிழங்கு விவசாயி' என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. ஆத்தூர்ப் பக்கமிருந்து டிராக்டரில் கொண்டுவந்து இறக்குகிறவருக்கு என்ன பலம்? மில் வாசலில் நாங்கள் சொல்லும் பாயிண்ட்தான், அதாவது கிழங்கில் எவ்வளவு மாவு என்கிற அளவுதான், அவருக்கு விலை. 28 வரும் என்று நம்பி வந்தவரிடம் 25 என்போம். பிடுங்கிய கிழங்கு ரெண்டு மூணு நாளில் கறுத்துவிடும், திருப்பி ஓட்டிக்கொண்டு போக முடியாது. "அப்ப உங்க கை ஓங்கியிருக்கு சார், நல்ல இடத்துல இருக்கீங்க" என்றார் பேராசிரியர்.

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. ஜன்னலுக்கு வெளியே காப்பிச் செடியும் தெரியவில்லை, மிளகுக் கொடி ஏறிய மரமும் தெரியவில்லை. இடைவேளையில் மூன்று முறை களத்துக்குப் போன் போட்டேன். கடைசியில் களத்தில் காயவைக்கிற பெரியம்மா எடுத்தாங்க. "இங்க ஒரு பொட்டு இல்லீங்கய்யா. வெயிலு சுள்ளுனு அடிக்குது. நீங்க நல்லா படிங்க."

அந்தம்மா நாலு ஜவ்வரிசி மணியைக் கடைவாயில் வைத்துக் கடித்துப் பார்த்து "இன்னும் அரை நாளு" என்றால் அரை நாள்தான். ஈரம் பார்க்கும் மிஷின் வாங்கிய அன்றைக்கும் அவங்க சொன்னதையேதான் காட்டியது.

சாயங்காலம் தம்பி கூப்பிட்டார். "அண்ணா, வரும்போது ட்ரையர் விஷயத்துல ஒரு முடிவோட வாங்க." வெயில் இல்லாமலே சரக்கைக் காயவைக்கிற மிஷின் அது. சரிங்க தம்பி என்றேன்.

நவம்பர் 13, புதன்

ஃபிலிம் கம்பெனி கோடாக்கின் கதை. 1975-இல் அங்கே ஸ்டீவ் சாஸன் என்ற இளம் பொறியாளர் டிஜிட்டல் கேமரா செய்துவிட்டார். ஒரு படம் பதிய 23 விநாடி. கம்பெனி ஃபிலிமை விடவில்லை, 2012 ஜனவரியில் திவால் மனு. மேலே இருந்தவர்களை எல்லோரும் காய்ச்சி எடுத்தார்கள். நான் பேசவில்லை. ஃபிலிமுக்கு ரசாயனம் பூசுகிற வேலை இருட்டறையில் நடக்கும். அந்த இருட்டில் நின்றவர்கள் பிறகு எங்கே போனார்கள் என்று யாராவது கேட்பார்கள் என்று பார்த்தேன்.

ட்ரையர் வந்தால் களத்தில் 18 பெண்களுக்கு வேலை இல்லை. வராவிட்டால் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகைக்கும் இதே பாடு: மேகத்தைப் பார்த்துத் தார்ப்பாய்க்கு ஓடுவது, நனைந்த சரக்கு பழுப்பது, மகாராஷ்டிரா பார்ட்டி நிறம் சரியில்லை என்று லாரியைத் திருப்புவது. ஏகாதசி விரதத்துக்குக் கிச்சடி கிளறுகிறவர்களுக்கு வெள்ளையாக, ஒட்டாத மணிதான் வேண்டும். 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது இனிப்பு வாங்கிக் களத்துக்குத்தான் முதலில் கொண்டுபோனேன்.

இரவு 2 மணி. பழைய இரும்புத் தராசு கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. கிழங்குக் கூடையை முதலில் காற்றில் நிறுத்து, பிறகு தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுப்போம். தண்ணீருக்குள் எடை குறைந்தால் மாவு குறைவு என்று கணக்கு. அந்தக் கூடை தொட்டி விளிம்பில் லேசாக உரசினால் போதும், பாயிண்ட் இறங்கிவிடும். உரசுவது எனக்குத் தெரியும். எத்தனை சீசனாகத் தெரியும் என்பதை இங்கே எழுதக் கை வரவில்லை.

நவம்பர் 14, வியாழன்

இன்றைக்கும் போர்ட்டர்தான். எதைச் செய்யமாட்டோம் என்று தேர்ந்தெடுப்பதுதான் உத்தி என்று 1996-இல் எழுதினாராம். ஆளுக்கு ஒரு வரி, நாளைக்கு எழுந்து நின்று படிக்க வேண்டும்.

'வெளுப்பு மருந்து போடமாட்டோம்' என்று எழுதினேன். அதை நாங்கள் எப்போதோ நிறுத்திவிட்டோம், அதில் என்ன இருக்கிறது. அடித்துவிட்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

படித்தேன். "விவசாயி கண்ணில் படாமல் பாயிண்ட் பார்க்கமாட்டோம். கூடை எதிலும் படாமல் தொங்குவதை அவரே பார்த்து, சீட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விலை."

இதனால் டன்னுக்கு லாபம் எவ்வளவு குறையும் என்று கேட்டார் பேராசிரியர். கணக்கைச் சொன்னேன். வகுப்பில் சத்தமில்லை. லாரி பாடி கட்டுகிறவர் மட்டும் இடைவேளையில் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய அப்பா கிழங்கு போட்டவராம்.

தம்பியிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அதை வந்து பேசிக்கலாங்கண்ணா. ட்ரையர்?"

சேலத்தைப் பார்க்கிற மலைமுனையான லேடீஸ் சீட்டில் போய் நின்றேன். கீழே சேலம் முழுக்க விளக்கு. களம் எந்தப் பக்கம் என்று தேடினேன், பிடிபடவில்லை. தெற்கே மின்னல்.

நவம்பர் 16, சனி

இறங்குகிறோம். ஒன்பதாவது வளைவில் மழை பிடித்துக்கொண்டது, இந்த முறை கீழேயும் ஒரே கறுப்பு. களத்தில் யாரும் போனை எடுக்கவில்லை.