பள்ளி விடும் நேரம், அதே பஸ் ஸ்டாப்

போன மாதம் ஈவினிங் டூட்டியில் 17 வயதுப் பையன் ஒருவனைக் கூட்டி வந்தார்கள். இடது முன்கையில் அரிவாள் வெட்டு. தலைக்கு வந்ததைக் கையால் தடுத்திருக்கிறான். நான் யூனிஃபார்ம் சட்டையைக் கத்தரித்து எடுக்க, டாக்டர் ஏ.ஆர்., அதாவது காயமும் நடந்த விவரமும் எழுதும் விபத்துப் பதிவேடு, போட ஆரம்பித்தார். வெட்டினது தெரிந்த ஆளா, தெரியாத ஆளா? எத்தனை பேர்? எதால்? எந்த இடம், எத்தனை மணி? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். தையல் போடும்போது மட்டும் என் பக்கம் திரும்பி, “வெளிய போய் பாத்துக்கிடுதேன் சிஸ்டர்” என்றான்.

அவன் சொன்ன பஸ் ஸ்டாப்பை முன்னாலும் வேறு பையன்கள் வாயால் கேட்டிருக்கிறேன். அதே பள்ளி விடும் நேரம். ஏ.ஆர். விவரம் போலீசுக்குப் போகும், அப்புறம் கோர்ட்டுக்கு. ஒவ்வொன்றும் தனித்தனி கேஸ். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்க ஆள் இல்லை.

வேல்ஸில் கார்டிஃப் நகரத்தில் ஜொனாதன் ஷெப்பர்ட் என்ற தாடை அறுவை சிகிச்சை டாக்டர் அதைத்தான் செய்தார். அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் போலீஸ் கணக்கிலேயே இல்லை என்று கண்டுபிடித்தார். பதிவு மேசையில் இடம், நேரம், ஆயுதம் கேட்டு எழுதினார்கள். பெயரை எடுத்துவிட்டு மீதியைப் போலீசுக்கும் நகராட்சிக்கும் கொடுத்தார்கள். ரோந்து அந்தத் தெருவுக்கு, அந்த நேரத்துக்கு மாறியது. 2011இல் வந்த ஆய்வில், அதுபோன்ற மற்ற ஊர்களோடு ஒப்பிட்டால் வெட்டு, குத்து, அடிதடிக் காயத்தோடு அட்மிட் ஆவது 42 சதவீதம் குறைந்திருந்தது. அவர்கள் புதிதாகக் கேட்கத் தொடங்கிய கேள்விகளை நாம் தினமும் கேட்கிறோம். நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, ரோந்து வரும். “பாத்துக்கிடுதேன்” என்கிறவனை என்ன செய்வது? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 2008இல் கும்பல் பையன்களை கோர்ட்டுக்கே வரவழைத்தார்கள். இனி ஒருவன் கத்தி எடுத்தாலும் கும்பல் முழுவதையும் விடமாட்டோம் என்று போலீஸ் எச்சரித்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பேசினார். கடைசியில், விட்டு வெளியே வர நினைப்பவன் கூப்பிட ஒரு போன் நம்பர்: படிப்புக்கும் வேலைக்கும் வழி காட்ட. பின்னாளில் அங்கே ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேசவே ஆட்களைப் போட்டார்கள். அவர்களில் சிலர் ஒரு காலத்தில் அதே வாழ்க்கையில் கிடந்தவர்கள். அன்றைக்கு அந்தப் பையன் பக்கத்தில் நான்தான் இருந்தேன். அடுத்த கேஸ் வந்துவிட்டது, போய்விட்டேன்.

தையல் பிரிக்க அம்மாவோடு வந்தான். “ஸ்கூலுக்கு எப்படிய்யா போற?” என்றேன். “ஒரு ஸ்டாப் முன்னாடியே எறங்கி நடக்கேன் சிஸ்டர்.” அவன் அம்மா கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நோட்டில் பெயர் இல்லாமல் இடமும் நேரமும் மட்டும் எழுத ஆரம்பித்திருக்கிறேன். திங்கட்கிழமை எங்கள் ஆஸ்பத்திரி நிர்வாகத்தைப் பார்க்கும் டாக்டர் ஆர்.எம்.ஓ.விடம் காட்டப் போகிறேன்.