ஆஸ்பிரினை நிறுத்தச் சொன்ன அன்னிக்கு

"இதை அப்ப நீங்கதானே டாக்டரம்மா எழுதிக் குடுத்தீங்க?"ன்னு அவர் கேட்டப்ப குரல்ல கோவமே இல்ல, அதுதான் இன்னும் உறுத்துது.

ஆமா, நான்தான். ரிட்டயர்டு வாத்தியார், சுகர், பிபி ரெண்டும் உண்டு, அட்டாக்கோ ஸ்டென்ட்டோ கிடையாது. அம்பது தாண்டி சுகரோட பிபியும் இருந்தா, அட்டாக் வராம தடுக்க ஆஸ்பிரின் 75 மில்லிகிராம் போடலாம்னுதான் அப்ப அமெரிக்க டயாபடிஸ் அசோசியேஷன் கைட்லைன்லயே இருந்துச்சு, நானா கண்டுபிடிச்சு எழுதல. அப்புறம் 2018-ல அசெண்ட் ஸ்டடி வந்துச்சு, பிரிட்டன்ல 15,480 சுகர் பேஷண்ட்ஸ், ஏழு வருஷத்துக்கு மேல பாத்தாங்க. நூறு பேர் மாத்திரை போட்டா ஒருத்தருக்கு அட்டாக், ஸ்ட்ரோக் மாதிரி ஏதோ ஒண்ணு தப்புது, கிட்டத்தட்ட இன்னொருத்தருக்கு பெரிய ரத்தக்கசிவு வருது. இப்ப அதே கைட்லைன் எழுபது தாண்டினவங்களுக்கு லாபத்தைவிட ரிஸ்க்தான் ஜாஸ்திங்குது. இவருக்கு எழுபத்திரெண்டு.

அவர் எதிர்லயே போன்ல அந்த கைட்லைனைத் திறந்து படிச்சுட்டு "இனி வேண்டாம் சார்"னேன். நூறு பேர் கணக்கையும் சொன்னேன், கணக்கு வாத்தியார்தானே, புரியும்னு. கேட்டுட்டு "இதுல நான் எந்த ஒருத்தன்?"னார். வெளிய கூட்டம். "அது யாருக்கும் தெரியாது சார்"னு சொல்லி பிபி பட்டையை எடுத்துட்டேன்.

போனைப் பாக்காம சொல்லியிருந்தா மறுபேச்சு இல்லாம தலையாட்டியிருப்பாரோ? ஒளிச்சு வச்சுப் பாக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல, ஆனா அன்னிக்கு ஒளிச்சிருக்கலாம்னு தோணுச்சு. ராத்திரி மறுபடி எடுத்து 2022-ல வந்த இன்னொரு அமெரிக்க கைட்லைனையும் படிச்சேன், அறுபதுக்கு மேல புதுசா ஆரம்பிக்காதீங்கன்னு இருக்கு, ஏற்கனவே போட்டுட்டு இருக்கறவங்களுக்கு எழுபத்தஞ்சு வாக்குல நிறுத்தறதைப் பத்தி யோசிக்கலாம்னு இருக்கு. யோசிக்கலாமாம்! முட்டி வலிக்கு மெடிக்கல்லயே டைக்ளோபெனாக் வாங்கிப் போடற ஆளு, ஆஸ்பிரினும் சேந்தா வயித்துல ரத்தம் கசிய எவ்வளவு நேரம் ஆகும், அதனால நிறுத்துனது சரிதான். ஆனா அந்தக் காரணத்தை நான் அவர்கிட்ட சொல்லவே இல்லியே, போன்ல இருந்ததைத்தானே சொன்னேன்.

மாசாமாசம் வர்றாரு. சீட்டுல ஆஸ்பிரின் இல்லாமத்தான் எழுதறேன். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல்ல வாங்கிக்கறாரோன்னு ஒரு சந்தேகம், கேக்கல, ஆமான்னுட்டா அடுத்து என்ன சொல்றதுன்னு தெரியல.