இடது காதில் ஏறும் காந்தாரம்

ஏப்ரல் 19

மீன்பிடித் தடைக்காலம். வடகடல் பக்கம் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கின்றன. ராத்திரி பத்து மணிக்கு மேல் மண்டபம் ஊரில் இப்படி ஓர் அமைதி வருஷத்தில் இந்த மாதங்களில்தான். பஜனையில் பாடும் சித்தப்பாவுக்கு ஒரே ஸ்வரம் இரண்டு காதிலும் வேறு வேறு சுருதியில் விழுகிறதா என்று அளந்து பார்க்க வேறு நேரம் தேட வேண்டாம். மின்விசிறி, பிரிட்ஜ் இரண்டும் அணைத்தாயிற்று.

வயர் உள்ள இயர்போன், போனில் ஒற்றை ஒலி எழுப்பும் ஆப். ஈக்வலைசர் இருந்தால் நிறுத்த வேண்டும். 'மோனோ' என்ற வசதி போட்டிருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டு காதுக்கும் ஒன்றாகப் போய்விடும். வலது காதுக்கு 1000 ஹெர்ட்ஸ், இரண்டு நொடி. நிறுத்தம். பிறகு இடதுக்கு. இரண்டும் ஒரே சுருதி என்று அவர் தலையாட்டும்வரை இடது பக்க எண்ணை மட்டும் நகர்த்த வேண்டும். ஒரு முறை மேலிருந்து இறங்கி வர வேண்டும், ஒரு முறை கீழிருந்து ஏறிப் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ளதைக் குறிக்க வேண்டும்.

சத்தம் குறைவாகவும் இரு காதுக்கும் சமமாகவும் இருக்க வேண்டும். ஒற்றை ஒலியில் சத்தத்தைக் கூட்டினாலே சுருதி நகர்ந்த மாதிரி இருக்கும். கீழ் ஒலி இறங்கும், மேல் ஒலி ஏறும். அந்தப் பிழையைக் காதின் தலையில் கட்டிவிடக் கூடாது.

சித்தப்பாவுக்கு வந்தது: வலதில் 500, இடதில் 498. வலதில் 1000, இடதில் 978. வலதில் 2000, இடதில் 1880. 4000க்கு இடதில் சுருதியே இல்லை, "ஸ்ஸுன்னு காத்து மாதிரிதான்டா இருக்கு."

அரை ஸ்வரம் 100 சென்ட். அப்படிப் பார்த்தால் 500ல் 7 சென்ட், 1000ல் 39, 2000ல் 107. இடதில் குறைந்த எண்ணே வலதுக்குச் சமமாகக் கேட்கிறது என்றால் இடது காது ஏற்றிக் கேட்கிறது, மேலே போகப் போக அதிகமாக.

ஏப்ரல் 20

"காது கேக்குதுடா. சுருதிதான் கேக்கல."

ஏப்ரல் 24

ஆடியோகிராம், கேட்கும் திறனை அளந்த தாள், கைக்கு வந்தது. வலது சிவப்பு வட்டம், இடது நீலப் பெருக்கல் குறி. வலதில் 1000 வரை 20 டெசிபல், 4000ல் 55. இடதில் 1000ல் 35, 2000ல் 50, 4000ல் 75, 8000ல் 70. 4000ல் விழுந்து 8000ல் கொஞ்சம் எழும்பும் அந்தப் பள்ளம் சத்தத்தில் வேலை பார்த்தவர்களின் அடையாளம். படகு எஞ்சின் அறைக்குப் பக்கத்திலேயே கழிந்த ஆயுசு.

இந்தத் தாளில் சுருதி எங்கேயும் இல்லை. எவ்வளவு மெல்லிய சத்தம் காதில் விழுகிறது என்பதை மட்டும்தான் இது சொல்லும். விழுந்த சத்தம் எந்த ஸ்தானத்தில் விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை. பாடுகிறவருக்கு அதுதானே பிரதானம்! "பேச்சு புரியுதா?" என்பதோடு முடித்துவிடுகிறார்கள்.

காதுக்குள் நத்தைச் சுருளில் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு சவ்வு. வாசல் பக்கம் மேல் ஒலிக்கு, உள்முனை கீழ் ஒலிக்கு. இந்த அலை ஓட்டத்தைக் காட்டியதற்குத்தான் விஞ்ஞானி பெகேசிக்கு 1961ல் நோபல். சவ்வின் மேல் வெளிவரிசை மயிர்ச் செல்கள் 12,000 அளவில், உள்வரிசை 3,500 அளவில். போனால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. வெளிவரிசை செத்த இடத்தில் கூர்மை போய்விடும். ஒலி தன் இடத்தில் நிற்காமல் அக்கம்பக்கம் பரவும், பக்கத்துச் செல்கள் பதில் சொல்லும். இரண்டு காதிலும் சேதம் ஒரே அளவு இல்லாதபோது ஒரே ஸ்வரம் இரண்டாகப் பிளக்கிறது.

குறும்பியும் பார்த்தாயிற்று, இல்லை. அடைப்பா நரம்பா என்று வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம்: வாயை மூடி 'ம்ம்' என்று முனக வேண்டும். அடைப்பு என்றால் மந்தமான காதில் பலமாகக் கேட்கும், நரம்பு என்றால் நல்ல காதுக்குப் போகும். டாக்டர் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதையேதான். சித்தப்பாவுக்கு வலதுக்குப் போகிறது.

ஒரு காது மட்டும் இவ்வளவு இறங்கினால் நரம்பில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதுதான் முறை. டாக்டர் மதுரைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஏப்ரல் 27

காந்தாரம். ஸ, ரி, க வரிசையின் 'க'. பாடும்போது மறுபடியும் அதில்தான் தடுமாறி நிற்கிறார்.

மே 2

காதைக் குறை சொல்லும் முன்னால் வாத்தியத்தைப் பார்க்க வேண்டும். இந்தக் கரையில் உப்புக் காற்று எதையும் விடுவதில்லை.

வெள்ளிக்கிழமை பஜனையின் ஆர்மோனியத்தைத் திறந்தால் பித்தளை நாக்குகளில் பச்சை பிடித்திருக்கிறது. நாக்கின் நுனியில் படிந்தால் கனம் கூடிச் சுருதி இறங்கும். அடிப்பக்கம் அரித்தால் விறைப்பு குறைந்து அப்போதும் இறங்கும். நாக்குக்கு நாக்கு வேறு வேறு அளவில் இறங்குவதால்தான் தொல்லை. சுருதி காட்டும் டியூனரில் வைத்துப் பார்த்ததில் நடு ஸ்தாயி காந்தாரம் மட்டும் 11 சென்ட் கீழே. சுரண்டுவது பழகிய கை செய்ய வேண்டிய வேலை: நுனியைச் சுரண்டினால் ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும், சுரண்டியதைத் திரும்ப வைக்க முடியாது.

புல்லாங்குழல் வெயிலுக்கு ஏறும், ஒரு டிகிரிக்கு 3 சென்ட் கணக்கு. காலையில் 27 டிகிரியில் சேர்த்தது மத்தியானம் 36ல் 27 சென்ட் ஏறி நிற்கும். கம்பி வாத்தியம் நேர்மாறு, சூட்டுக்கு இறங்கும். துருப் பிடித்த கம்பி எந்த இடத்திலும் சுத்தமாகப் பேசாது. துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

கீபோர்டு தனிக் கதை. தம்புராவின் மந்தர (கீழ் ஸ்தாயி) ஸட்ஜத் தந்தி தானாகவே எழுப்பும் காந்தாரம் ஸட்ஜத்திலிருந்து 386 சென்டில் இருக்கிறது, கீபோர்டின் காந்தாரம் 400ல். 14 சென்ட் ஏற்றம். தங்கச்சிமடத்துப் பாட்டுக் குழு (கோயர்) டீச்சரிடம் இதைச் சொன்னதும், "அதான் பிள்ளைங்க பாட்டு முடிக்கும்போது கீழ வந்த மாதிரியே தோணுது" என்றார். பிள்ளைகள் இறங்கவில்லை, சரியான இடத்துக்குப் போகிறார்கள். கீபோர்டோடு ஆர்மோனியமும் சேர்ந்த மேடையில், 39 சென்ட் ஏற்றிக் கேட்கும் காதோடு ஒருவர் காந்தாரத்தைத் தேடினால் எதைப் பிடிப்பார்?

மே 6

இன்னும் ஸ்கேன் ரிப்போர்ட் வரவில்லை.

ட்ரையலுக்குக் கொடுத்த ஹியரிங் எய்டைப் போட்டுக்கொண்டு தம்புராவைக் கேட்டுவிட்டுக் கழற்றி வைத்துவிட்டார். "தம்புரா அழுவுதுடா."

அழத்தான் செய்யும். இந்தக் கருவி பேச்சுக்குச் செய்தது. நீளமாக, அசையாமல் நிற்கும் ஒலி வந்தால் கருவி அதைத் தன் சொந்த ஊளை (ஃபீட்பேக்) என்று எடுத்துக்கொண்டு எதிர் ஒலி போட்டு அழிக்கப் பார்க்கும். தம்புராவும் புல்லாங்குழலும் அதற்கு ஊளைதான். அழிக்கப் போவதும் விடுவதுமாக இருப்பதில் ஸ்வரம் நடுங்கும். ஸ்வரம் நின்ற பிறகும் ஒரு பேய் ஒலி மிச்சம் இருக்கும். இரைச்சல் குறைக்கும் வசதி இன்னொரு பக்கம்: மாறாத ஒலி என்றால் அதற்கு ஃபேன் சத்தம். சுருதியைத்தான் முதலில் அமுக்கும்.

மூன்றாவதுதான் மோசம். கேட்காத மேல் ஒலிகளைக் கீழே இறக்கித் தரும் வசதி. 'ஸ', 'ஷ' பிரித்துக் கேட்க உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஸ்வரத்தின் மேற்சுரங்கள் அடிச்சுருதியின் 1, 2, 3, 4, 5 மடங்கு என்று கணக்காக அடுக்கி இருப்பதால்தான் அது ஸ்வரமாகக் கேட்கிறது. மேலே உள்ளதை இழுத்துக் கீழே வைத்தால் அடுக்கு குலைந்துவிடும்.

நான்காவது, நுழைவாசல், அதாவது மைக். பேச்சு 65 டெசிபல். பக்கத்தில் உட்கார்ந்து பாடினால், தவில் தட்டினால், 90, 100 என்று போகும். பழைய டிஜிட்டல் கருவிகளில் உள்ளே எடுக்கும் வரம்பு 95 பக்கத்திலேயே முடிந்துவிடும். அங்கே நசுங்கியதை வால்யூமைக் குறைத்துத் திருத்த முடியாது. இதற்கு டொராண்டோ ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறன் நிபுணர்) மார்ஷல் சேசின் சொல்லும் வழி எளிமையானது: மைக் துளைமேல் செலோடேப் சில அடுக்கு ஒட்டி வருகிற சத்தத்தைக் குறைப்பது, அல்லது மேடையின் வால்யூமை இறக்கிக் கருவியின் வால்யூமை ஏற்றுவது. முதலில் இரண்டு அடுக்கு ஒட்டிப் பார்க்கலாம், அடுத்து மூன்று.

ஆடியாலஜிஸ்டிடம் கேட்க வேண்டியது: இசைக்கென்று தனி நிரல். அதில் ஊளை அழிப்பு நிறுத்தம் அல்லது மிகக் குறைவு. இரைச்சல் குறைப்பு நிறுத்தம். மேல் ஒலி இறக்கம் நிறுத்தம். முன்பக்க மைக் மட்டும் வேலை செய்வது வேண்டாம், சுற்றிலும் கேட்க வேண்டும். சத்தத்தை அமுக்கும் விகிதம் குறைவாக, வேகம் மெதுவாக. பட்டனை அழுத்தினால் அந்த நிரலுக்குப் போக வேண்டும்.

1000 வரை நன்றாகக் கேட்கும் வலது காதுக்கு, பஜனை நேரத்தில் கருவியே வேண்டாம் என்பதும் சரியான பதில்தான். பாட்டு ஏற்கெனவே பலமாகத்தானே இருக்கிறது.

மே 7

ரிப்போர்ட் வரவில்லை. போன் எடுக்கிறார்கள், "நாளைக்குங்க" என்கிறார்கள்.

மே 13

ஊர்த் திருவிழா. குழாய் ஸ்பீக்கர் வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில்.

காதுக்குப் பாதுகாப்பான நேரம் 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம்வரை. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2, 94க்கு 1, 97க்கு அரை மணி, 100க்கு 15 நிமிஷம். நாயனத்துக்கும் தவிலுக்கும் நடுவில் உட்கார்ந்து தாளம் போடும் பையனுக்கு அந்த 15 நிமிஷம் முதல் உருப்படியிலேயே தீர்ந்துவிடும். அவன் காதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை! திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். 3 மீட்டரிலிருந்து 12 மீட்டருக்கு நகர்ந்தால் 12.

பஞ்சு வைப்பதில் பெரிய பலன் இல்லை. நுரை அடைப்பான் நன்றாகத் தடுக்கும், ஆனால் மேல் ஒலியை அதிகம் தடுப்பதால் பாட்டு போர்வைக்குள் கேட்கிற மாதிரி ஆகிவிடும். வாசிப்பவர்களுக்கென்று எல்லா ஒலியையும் சமமாகக் குறைக்கும் அடைப்பான் இருக்கிறது, 9, 15, 25 டெசிபல் என்று. பாடுகிறவருக்கு 9 போதும். அதற்கு மேல் போனால் தன் குரலே தலைக்குள் முழங்கும். நுரையாக இருந்தால் மெல்லிய திரியாக உருட்டி, காது மடலை மேலும் பின்னும் இழுத்து நுழைத்து, அது விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போட்டதில் அர்த்தமில்லை.

மே 14

ரீங்காரம் என்கிறார். வலதில் 1000, இடதில் 972. ஒரு நாள் சத்தத்துக்கே இவ்வளவு. இன்று முழுக்க எதுவும் கேட்க வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

மே 15

இடதில் 977. திரும்பியது. திரும்புகிறதே என்று தைரியம் கொள்ள இதில் ஒன்றுமில்லை.

மே 21

ஸ்கேனில் கட்டி இல்லை. இல்லை!

மே 22

நேற்றைய சந்தோஷத்தில் விட்டுப்போனதை எழுதி வைக்கிறேன். பாம்பனிலிருந்து ஒருவர் வந்து, தூங்கி எழுந்தபோது ஒரு காது அடைத்துப் போனதாகவும் எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். அன்றே ராமநாதபுரம் போகச் சொன்னேன். ஓரிரு நாளில் ஒரு காது திடீரென்று இறங்கினால் அது அவசரம். ஸ்டீராய்டு மாத்திரை முதல் நாட்களில் ஆரம்பித்தால்தான் பலன் அதிகம், இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு மிகவும் சுருங்கிவிடும். "சளி புடிச்சிருக்கும்" என்று விட்டுவிடக் கூடாது. தலைச்சுற்றலோடு கீழ் ஒலி கேட்பது ஏறி இறங்கினால் அது வேறு நோய், அவர்களுக்கு உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். கருவாடு இல்லாமல் சோறு இறங்காத ஊரில் அதை இரண்டு தடவை அழுத்திச் சொல்ல வேண்டும்.

மே 30

உட்காரும் இடத்தை மாற்றியாயிற்று. சுருதி வலது பக்கம், காது உயரத்தில், ஒரு மீட்டருக்குள். போன் ஸ்பீக்கரிலிருந்து தம்புரா கேட்பதை நிறுத்தியாயிற்று. அவர் பாடும் 2 கட்டைச் சுருதிக்கு மந்தர ஸட்ஜம் 73 ஹெர்ட்ஸ், மத்திய ஸட்ஜம் 147. போன் ஸ்பீக்கரில் இரண்டும் வராது. நல்ல காது மேற்சுரங்களை வைத்தே அடிச்சுருதியைக் கட்டிக்கொள்ளும். போனில் ஆண் குரல் சரியாகக் கேட்பது அப்படித்தான். மேற்சுரங்களைப் பிரிக்க முடியாத காதுக்கு அந்த வேலை நடக்காது. எட்டு அங்குல ஸ்பீக்கர் பெட்டியில் கொடுத்ததும் மந்தரத் தந்தி எழுந்தது. அந்தத் தந்தியின் காந்தாரம் 367 ஹெர்ட்ஸில் வரும். அவருக்கு இரண்டு காதும் ஒத்துப்போகும் எல்லைக்குள் இருக்கிறது.

அதைப் பிடித்துக்கொண்டு பாடினார். டியூனரில் 4 சென்ட்தான் விலகல்.

வயசாகிவிட்டது, பாட்டை விட்டுவிடலாமே என்று நேற்று வாசலில் நின்று சொன்னவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருக்க வேண்டும்.

ஜூன் 3

கச்சான் காற்று. வாசலில் கருவி போட்டால் மைக்கில் உறுமல் மட்டும்தான்.

ஈரம் இன்னொரு பிரச்சினை. ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் உள்ள டப்பாவில் மூடி வைக்க வேண்டும். மணிகளின் நிறம் மாறினால் புதிதாகப் போட வேண்டும். பேட்டரி காற்றில் வேலை செய்யும் வகை. ஒட்டியிருக்கும் தாளை உரித்து சில நிமிஷம் விட்ட பிறகு போட வேண்டும், உரித்ததைத் திரும்ப ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது. 312 அளவு பேட்டரிக்குப் பழுப்புத் தாள், 13 அளவுக்கு ஆரஞ்சு. சத்தம் மங்கினால் முதலில் குறும்பித் தடுப்பை மாற்றிப் பார்க்க வேண்டும், பேட்டரி அதற்கு அப்புறம்.

ஜூன் 8

இசை நிரல் போட்டு வந்தது. தம்புரா அழவில்லை. தாரஸ்தாயியில் (மேல் ஸ்தாயியில்) மட்டும் இடது பக்கம் கீச்சென்று குத்துகிறதாம். 4000ல் செத்த இடத்துக்கு இவ்வளவு ஊட்டினால் சத்தம்தான் வரும், ஸ்வரம் வராது. இடது கருவியில் 3000க்கு மேல் 6 டெசிபல் குறைத்துக் கேட்க வேண்டும், அதுவும் போதாவிட்டால் இன்னும் 3. வியாழக்கிழமை ஆடியாலஜிஸ்ட் இருப்பார். போவதற்கு முன் 1500 ஹெர்ட்ஸில் ஒரு தடவை அளந்து எடுத்துப் போக வேண்டும், கருவி இல்லாமல் ஒன்று, இசை நிரலில் ஒன்று.